வைக்கோல் வண்டிக்காக எழுதிய பெயர்

பெல்டன், ஒஹாயோ
12 செப்டம்பர் 1977

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

டேல், கார்லா, நான் மூவரும் சுகம். உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? அரிசோனா வெயில் சளியைக் காயவைத்துவிடும் என்று டாக்டர் சொன்னதை நம்பி நீ போய் நாலு வருஷம் ஆகிறது. காய்ந்ததா இல்லையா என்று ஒரு கடிதத்திலும் நேராக எழுதமாட்டேன் என்கிறாய். ஊர்ப் பத்திரிகை ஒழுங்காக வருகிறதா?

இந்த வருஷம் பெற்றோர் சங்கத் தலைவி நான். யாரும் கையைத் தூக்கவில்லை, என் தலையில் விழுந்தது. அறுவடை விழாவுக்கான தாளைப் பள்ளிக்கூட நடையில் தொங்கவிட்டிருக்கிறேன். வழக்கம்போல யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்று அவரவர் பெயரை எழுதிவிட்டுப் போகிறார்கள். எல்வின் அண்ணன் வழக்கம்போல மூன்றாவது ஆள்: "எல்வின் ஸ்ட்ரோ, வைக்கோல் வண்டி." கல்யாணமே ஆகாத மனுஷன். ஆனாலும் இந்த ஊரில் அவன் வண்டியில் ஏறாமல் எந்தப் பிள்ளையும் வளர்ந்ததில்லை.

நேற்று பள்ளிக் கண்காணிப்பாளர் பிரென்டிஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். நவம்பரில் பள்ளி வரியை உயர்த்த ஓட்டெடுப்பு வருகிறது. சங்கம் அதை ஆதரித்துத் தீர்மானம் போடவேண்டுமாம். ஓட்டு விஷயத்தில் நாங்கள் எந்தப் பக்கமும் சேர்வதில்லை என்பது சங்கத்தின் விதி. சொன்னேன்.

"மிசஸ் ரீகர், பக்கத்து ஊர்ச் சங்கத்துல ஒரே சாயங்காலத்துல தீர்மானம் போட்டுக் குடுத்துட்டாங்க. நீங்க விதியப் படிச்சிட்டு இருக்கீங்க. வரி தோத்தா டிசம்பர்ல பள்ளிக்கூடத்தப் பூட்டணும். அதுக்கு முன்னாடி உங்க பொண்ணு வாசிக்கிற பாண்டு வாத்தியம் போகும். அப்புறம் பஸ். உங்க வீட்டுக்காரர் டேல் ஓட்டற பஸ்தான் ரொம்ப தூரம் போறது, அதான் முதல்ல கண்ணுல படும்" என்றார். பிறகு கேக் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வரி நிலத்தின் மேல் விழுகிறது என்று விவசாயிகள் மன்றம் எதிர்க்கிறது. மன்றத் தலைவர் யார் என்று உனக்கே தெரியும். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் பிரென்டிஸ். நடுவில் நான் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மருந்தை விட்டுவிடாதே.

உன் தங்கை
லியோடா


டூசான், அரிசோனா
25 செப்டம்பர் 1977

என் சின்னத் தங்கை லியோடாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம். என் மூச்சு நேராகத்தான் இருக்கிறது. இரண்டு தெரு நடந்தால் மட்டும் உட்கார ஒரு சுவர் தேடுகிறது. பத்திரிகை வருகிறது, இரண்டு வாரப் பழசாக. செத்தவர்களுக்கெல்லாம் அடக்கம் முடிந்த பிறகுதான் நான் அழுகிறேன்.

நீ விதியைக் காட்டிப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. பதினோரு வருஷம் அந்தப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். மழைக்கு வாளி வைத்த வகுப்பறையில் நின்றிருக்கிறேன். பெற்றோர் சங்கம் பள்ளிக்குப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்? பிரென்டிஸ் எப்படிப்பட்ட ஆள் என்பது வேறு விஷயம். அந்த ஆள் சொல்வது சரி.

எல்வினை நினைத்துத் தயங்காதே. அவன் மாடுகளோடு பேசிப் பேசி மனிதர்களின் கணக்கை மறந்துவிட்டான். நீ எப்போதும் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று பார்த்துப் பார்த்தே காலடி வைப்பாய். ஒரு முறையாவது தலைவியாக நட. எப்படியாவது அவர்களைச் சம்மதிக்க வை.

கார்லாவின் கிளாரினெட் எப்படிப் போகிறது? அவளுக்கு என் முத்தம்.

வெர்னா


பெல்டன்
14 அக்டோபர் 1977

அன்புள்ள அக்கா,

சுகமா? சுவர் தேடாமல் மூன்று தெரு நடந்தாய் என்று அடுத்த கடிதத்தில் எழுத வேண்டும். இங்கே கார்லாவுக்கு ஜலதோஷம், மற்றபடி எல்லோரும் நலம்.

நீ சொன்னபடி தலைவியாக நடந்து பார்த்தேன். கூட்டத்துக்கு இருபத்து மூன்று பேர் வந்தார்கள். ஒன்பது பேர் தீர்மானத்துக்கு ஆதரவு, பதினாலு பேர் வேண்டாம். எதிர்ப்பவர்களுக்கு மார்ஜ் குன்ட்ஸ் தலைமை. "நாங்க பிள்ளைங்களுக்கு கேக் சுட்டுக் குடுக்க வந்தோமா, இல்ல பிரென்டிஸுக்கு ஓட்டுச் சுட்டுக் குடுக்க வந்தோமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

மறுநாள் பிரென்டிஸ் கூப்பிட்டார். "சரி, சங்கம் வேண்டாம். தனித்தனிப் பெற்றோரா நூறு பேர் பேர் குடுக்கட்டும். பத்திரிகையில ஒரு முழுப்பக்கம். 'பெற்றோர் நாங்கள் ஆமாம் என்கிறோம்'னு மேல போட்டுரலாம்." இப்போது நான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். நாற்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

விழா நன்றாக நடந்தது. எல்வின் வண்டியை எட்டு முறை சுற்றவிட்டான். கடைசிச் சுற்றில் பெரியவர்களையும் ஏறச்சொன்னான். நான் ஏறினேன். இறங்கும்போது மெதுவாகச் சொன்னான்: "லியோடா, பிள்ளைங்க படிக்கட்டும். நான் வேணாங்கல. ஆனா எங்கிட்ட இருக்கறது மண்ணு, பணம் இல்ல. அதத்தான் அந்த ஆளுக்குப் புரியவைக்க முடியல. நீ உன் வேலையப் பாரு, நான் கோச்சுக்க மாட்டேன்." என் தலைமேல் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துவிட்டான்.

மருந்து, நடை இரண்டையும் விடாதே.

லியோடா


பெல்டன்
9 நவம்பர் 1977

அன்புள்ள அக்கா,

நலமா? அவசரமாக எழுதுகிறேன். வரி ஜெயித்துவிட்டது, ஒன்பது ஓட்டில். பஸ்ஸும் இருக்கிறது, வாத்தியமும் இருக்கிறது. டேல் நேற்று நிம்மதியாகத் தூங்கினார். கார்லா காலையிலிருந்து ஒரே பாட்டை வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

லியோடா


டூசான்
20 நவம்பர் 1977

என் தங்கைக்கு,

இங்கே சுகம். உன் கடிதம் படித்துப் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு கோப்பை ஷெர்ரி ஊற்றிக் கொடுத்தேன். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. ஒன்பது ஓட்டு என்றால் வீடு வீடாக நீ நடந்த நடைதான் அது. உன்னைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இன்று மூன்றாம் தேதிப் பத்திரிகை வந்தது. முழுப்பக்கம், நூறு பெயர். எழுபத்தோராவது பெயராக எல்வின் ஸ்ட்ரோ. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பெற்றோர் பட்டியலில் நம் பிரம்மச்சாரி. அதுவும் மன்றத் தலைவன். அவனுக்கு என்ன ஆயிற்று? எப்படி மாற்றினாய்? ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.

நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு வருகிறானா? வான்கோழியை அவனையே வெட்டச்சொல். டேல் வெட்டினால் விறகு பிளந்த மாதிரி இருக்கும்.

எல்லோருக்கும் என் அன்பு.

வெர்னா


பெல்டன்
2 டிசம்பர் 1977

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு தேறிவருவது கேட்டு மகிழ்ச்சி. நாங்கள் நலம். பனி ஆரம்பித்துவிட்டது.

எல்வினைப் பற்றிக் கேட்டிருந்தாய். மனசு மாறிவிட்டான், அவ்வளவுதான். வயதானால் மனிதர்கள் கொஞ்சம் இளகுவார்கள் போலிருக்கிறது. விருந்துக்கு வந்தான். வான்கோழியை அவன்தான் வெட்டினான். வழக்கத்தைவிடப் பேச்சு கொஞ்சம் குறைவு. சாப்பிட்டு முடித்ததும் என்னோடு நின்று பாத்திரம் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

வேறு விசேஷமில்லை. கார்லாவுக்குக் கிறிஸ்துமஸ் கச்சேரியில் நாலு வரி தனியாக வாசிக்கக் கிடைத்திருக்கிறது.

குளிரில் வெளியே போகாதே என்று எழுத வந்தேன். உங்கள் ஊரில் குளிர் ஏது.

லியோடா


டூசான்
14 ஜனவரி 1978

லியோடாவுக்கு,

புது வருஷ வாழ்த்து உங்கள் மூவருக்கும். டிசம்பரில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பயப்பட ஒன்றுமில்லை, அதனால்தான் எழுதவில்லை. இப்போது வீட்டில்.

படுத்திருந்தபோது எல்வினுக்கு ஒரு கடிதம் போட்டேன். இத்தனை பேர் எதிரே நின்று மனசை மாற்றிக்கொள்வது பெரிய விஷயம், உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்று எழுதினேன். பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன், நாலு வரிதான்:

"நீ எழுதியது கிடைத்தது. ஆமாம், என் பெயரை நான்தான் கொடுத்தேன். இது பற்றி லியோடாவை ஒன்றும் கேட்காதே. மாடுகள் சுகம்."

மூன்றாவது வரி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பெருமைப்பட்டவளுக்கு இப்படியா பதில் எழுதுவார்கள்? டிசம்பர்ப் பத்திரிகையில் மன்றத்துக்குப் புதுத் தலைவர் ஓர்வில் என்று ஒரு சின்னச் செய்தி வேறு. பதினோரு வருஷம் இருந்தவன் ஏன் விலகினான்? நீ ஏன் எழுதவில்லை?

இருபத்தெட்டுப் பிள்ளைகளை ஒரே பார்வையில் பார்த்து யார் பென்சிலை எடுத்தது என்று கண்டுபிடித்தவள் நான். இரண்டாயிரம் மைல் தள்ளியிருந்தாலும் அந்தக் கண் போகவில்லை. எழுது.

அன்புடன்
வெர்னா


பெல்டன்
19 பிப்ரவரி 1978

அன்புள்ள அக்கா,

ஆஸ்பத்திரி விஷயத்தைக் கேட்டுப் பதறிவிட்டேன். இப்போது எப்படி இருக்கிறாய்? பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. புயல் காரணம் என்று சொல்லலாம். நீயும் செய்தியில் பார்த்திருப்பாய், வீட்டுக் கூரைவரை பனி. ஆனால் உன் கடிதம் புயலுக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது.

எல்வின் பெயரைக் கொடுக்கவில்லை. நான் எழுதினேன்.

அறுபத்தொரு பெயர்தான் சேர்ந்தது. திங்கள் மதியத்துக்குள் பத்திரிகைக்குப் போகவேண்டும். பிரென்டிஸிடம் அறுபத்தொன்று போதாதா என்றேன். "அறுபத்தொண்ணுன்னு போட்டா ஊர்ல பாதிப் பேருக்கு இஷ்டமில்லன்னு நாமளே சொன்ன மாதிரி. விழாவுக்கு அத்தன பேர் வந்தாங்களே, அவங்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியவங்கதானே?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. விழாத் தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. சோளம் வேகவைக்க வந்தவர்கள், நாற்காலி போட வந்தவர்கள், வைக்கோல் வண்டி. முப்பத்தொன்பது பெயரைத் தட்டச்சு செய்தேன். கை தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டு போனது.

பத்திரிகை வந்ததும் மூன்று பேர் போன் செய்தார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், எப்படியும் ஆமாம் என்றுதான் ஓட்டுப் போடப்போகிறோம் என்று விட்டுவிட்டார்கள். எல்வின் போன் செய்யவில்லை. தீவனக் கடையில் ஓர்வில் எல்லோர் முன்னாலும் கேட்டானாம்: "ஏம்ப்பா, பெத்தவங்க பட்டியல்ல உன் பேரு இருக்கே. எத்தன பிள்ள? எந்த ஊர்ல வச்சிருக்க?" கடையே சிரித்ததாம். "பேரு நீதான் குடுத்தியா?" என்று கேட்டிருக்கிறான். எல்வின் "ஆமா" என்று சொல்லிவிட்டுத் தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இதை எனக்குச் சொன்னது டேல். டேலுக்கும் உண்மை தெரியாது. அந்த ஒன்பது ஓட்டும் எல்வின் பெயரைப் பார்த்து விழுந்த ஓட்டு என்று மன்றத்தில் பேசிக்கொள்கிறார்கள். சர்ச்சில் அவன் உட்காரும் வரிசையில் இப்போது வேறு யாரும் உட்காருவதில்லை.

நான் அவனுக்காகப் பேசவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று மாதம் ஓட்டினேன். அவன் மறுப்பான், அப்போது சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் மறுக்கவில்லை. எனக்காகத்தான் பொய் சொல்கிறான் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகு தெரிந்தது.

புயலில் எங்களுக்கு மின்சாரம் போய்விட்டது. இரண்டாம் நாள் காலையில் டிராக்டரில் வந்தான். பால் கொண்டுவந்தான். மூவரையும் போர்வையில் சுற்றித் தன் வீட்டுக்கு அழைத்துப்போனான். ஐந்து நாள் அவன் அடுப்படியில் உட்கார்ந்து அவன் சோற்றைத் தின்றேன் அக்கா. சமையலறை அலமாரியில் மன்றத் தலைவர் கூட்டத்தில் தட்டும் மரச்சுத்தியல் இருக்குமே, அந்த இடம் காலியாக இருந்தது. தூசியில் அதன் தடம் மட்டும் இருந்தது. ஐந்து நாளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும்போது முகம் கொதிக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

லியோடா


டூசான்
6 மார்ச் 1978

லியோடா,

உடம்பு பரவாயில்லை.

திட்டத் தோன்றவில்லை. எப்படியாவது சம்மதிக்க வை என்று எழுதியது யார் கை? அந்த வார்த்தையைப் போன வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பெருமைக் கடிதம் வேறு போட்டேன். அதை வாங்கி அவன் எந்த முகத்தோடு படித்திருப்பான் என்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். உன் பங்கு உன்னுடையது.

இன்னொன்று கேட்கிறேன். பத்திரிகையை நான் தூக்கிப்போடவில்லை. மார்ஜ் குன்ட்ஸ் வருஷாவருஷம் சோளம் வேகவைப்பாள். தாளில் அவள் பெயர் இல்லாமல் இருக்காது. பத்திரிகையில் இல்லை. ஓர்வில் நாற்காலி கொண்டுவருவான். அவனும் இல்லை. கை தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டு போனது என்று எழுதியிருக்கிறாய். எந்தக் கை இவ்வளவு பார்த்து அடிக்கும்?

எனக்குப் பதில் எழுதாதே. முதலில் எல்வினிடம் போ. அதற்குப் பிறகு அந்தச் சுத்தியல் இருக்கிற இடத்துக்குப் போ. முடித்துவிட்டு எழுது.

வெர்னா


பெல்டன்
23 ஏப்ரல் 1978

அன்புள்ள அக்கா,

வெயில் வந்துவிட்டது. உன் மூச்சுக்கு இது நல்ல மாதம் என்று நினைக்கிறேன். நீ சொன்ன இரண்டு இடத்துக்கும் போய்விட்டு எழுதுகிறேன்.

எல்வின் பால் கறக்கும் நேரத்தில் போனேன். அவன் என்னைப் பார்க்காமல் வேலை செய்தால்தான் எனக்குப் பேச்சு வரும். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பாட்டுக்கு அடுத்த மாட்டுக்குப் போனான்.

"பத்திரிகை வந்த அன்னிக்கே தெரியும்" என்றான். "நான் பேர் எழுதின ஒரே தாளு அந்த விழாத் தாளுதான். அது உன் வீட்ல இருக்கும்."

"அப்புறம் ஏன் ஆமான்னு சொன்ன?"

"பின்ன என்ன சொல்றது? என் தங்கச்சி திருடிட்டான்னு தீவனக் கடையில சொல்றதா? டேலுக்கு வேலை போயிரும். கார்லாவ பஸ்ல ஒருத்தரும் சும்மா விடமாட்டாங்க." மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்தபடியே சொன்னான்: "அதுகூடப் பரவால்ல. தாள்ல யார் யார் இருந்தாங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. பத்திரிகைய வச்சுக்கிட்டு ஒத்துப் பாத்தேன். ஏழு பேர விட்டிருக்க. மார்ஜ், ஓர்வில், எல்லாம் சத்தம் போடறவங்க. எழுதாம விடறதுக்கு உனக்கு ஏழு பேர் இருந்தாங்க லியோடா. எட்டாவதா என்ன விட்டிருக்கலாம்ல?"

அந்தக் காரணத்தை எழுத முடியாமல்தான் உனக்குக் கை தன் பாட்டுக்கு என்று எழுதினேன். ஏற்கெனவே சம்மதித்தவர்கள் போகத் தாளில் நாற்பத்தாறு பேர். முப்பத்தொன்பது தேவை. யாரை விடலாம் என்று பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்வின் பெயரில் பென்சில் நின்றது. அவன் சண்டைக்கு வரமாட்டான், அவன் பெயரைப் பார்த்தால் நாலு விவசாயி யோசிப்பான், இரண்டும் அந்த நிமிஷத்தில் தோன்றியது. புள்ளி வைக்காமல் கீழே போனேன். அவன் நல்லவன் என்பதால் அவனை எடுத்தேன். இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

"மன்றத்துல போய்ச் சொல்லப்போறேன்" என்றேன்.

"வேணாம். சொல்லி என்ன ஆகப்போகுது. வரி வந்தது வந்ததுதான்."

"வெர்னா சொல்லச் சொன்னா."

"அவளுக்கென்ன, அரிசோனால உக்காந்திருக்கா" என்றான். அப்போதுதான் லேசாகச் சிரித்தான்.

எல்வினைப் பார்க்கப் போவதற்கு முந்தின இரவே டேலிடம் சொன்னேன். பத்து நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் மன்றத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

ஏப்ரல் கூட்டம், அவரவர் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் நாள். நானும் உருளைக்கிழங்கு கொண்டுபோயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் எழுந்து நின்றேன். வரிசையாக எழுதிவைத்திருந்த தாளை எடுத்தேன். மடித்து வைத்துவிட்டு வாயால் சொன்னேன். முப்பத்தொன்பது பேரைக் கேட்காமல் பெயர் போட்டேன், அதில் எல்வின் ஒருவன், அவன் ஒரு பாவமும் செய்யவில்லை, எனக்காகப் பொய் சொன்னான். ஏழு பேரை விட்டதையும் சொன்னேன். மார்ஜ் தட்டைக் கீழே வைத்தாள்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஓர்வில் எழுந்து போய்ச் சுத்தியலை எடுத்துவந்து எல்வின் முன்னால் வைத்தான். "எல்வின், நான் கடையில பேசினது தப்பு. இது உன்னோடது" என்றான். எல்வின் அதைத் தொடவில்லை. "கைக்குப் பழக்கம் விட்டுப்போச்சு ஓர்வில். நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டான். அந்தச் சுத்தியலுக்கு அவன் எவ்வளவு ஆசைப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். நாங்கள் கிளம்பும்போது என் உருளைக்கிழங்குப் பாத்திரம் மேசையில் அப்படியே இருந்தது. ஒரு கரண்டிகூட யாரும் எடுக்கவில்லை.

பிரென்டிஸ், பெயர்ப் பட்டியல் பெற்றோர் சங்கம் கொடுத்தது, தனக்கு ஒன்றும் தெரியாது என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டார். உனக்கு இரண்டு வாரத்தில் வரும். சங்கத்திலிருந்து விலகிவிட்டேன். டேலின் வேலை இதுவரை இருக்கிறது.

உன் நலம் பற்றி எழுது.

லியோடா


டூசான்
15 மே 1978

என் லியோடாவுக்கு,

நலம். மூன்று தெரு நடந்தேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நன்றாகச் செய்தாய் என்று எழுத மாட்டேன். நானும் நீயும் அப்படிச் சொல்லிக்கொள்ளும் நிலையில் இல்லை. எல்வினுக்கு எழுதினேன், பெருமையைத் திரும்ப வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டு. "மாடுகள் சுகம்" என்று பதில் வந்தது. ஆனால் இந்த முறை அதற்கு முன்னால் "அக்கா" என்று எழுதியிருந்தான்.

கார்லாவைப் பள்ளிக்கு நீயே கூட்டிக்கொண்டு போ. ஒளிந்துகொள்ளாதே.

வெர்னா


பெல்டன்
24 செப்டம்பர் 1978

அன்புள்ள அக்கா,

கோடை முழுக்க எழுதவில்லை, மன்னித்துக்கொள். நாங்கள் சுகம். நீ நாலாவது தெருவைப் பிடித்துவிட்டாயா?

மறுபடி அறுவடை விழா வருகிறது. நான் போகப்போவதில்லை என்று டேலிடம் சொல்லிவிட்டேன். கடையிலும் சர்ச்சிலும் எல்லோரும் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள். சுகமா என்று கேட்கிறார்கள். அதற்கு மேல் பேச்சு நீளுவதில்லை.

விழாத் தாளைப் பழைய ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். மேலே புதிதாக அச்சடித்து ஒரு வரி: இதில் எழுதும் பெயர்கள் விழாவைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தப்படமாட்டா. அந்த வரி எனக்காக அடித்த வரி. தினமும் காலையில் கார்லாவை விட்டுவிட்டு அதைக் கடந்துதான் வெளியே வருகிறேன். இரண்டு வாரம் ஆகியும் தாள் வெள்ளையாகவே இருந்தது. ஒரு பெயர் இல்லை. புதுத் தலைவி வீடு வீடாகக் கேட்டால், "வந்துடறோம், சோளமும் கொண்டாறோம். பேர மட்டும் எழுதிக்காத" என்கிறார்களாம். பள்ளிக்கு வாத்தியம் இருக்கிறது, பஸ் இருக்கிறது. பிள்ளைகள் விழாவுக்குக்கூடத் தன் பெயரை எழுத இந்த ஊரில் ஒரு கை இல்லாமல் நான் செய்துவிட்டேன். அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடப்பேன்.

வெள்ளிக்கிழமை நடையில் இரண்டு பெண்கள் தாளின் முன் நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் விலகிப் போய்விட்டார்கள். போய்ப் பார்த்தேன். பென்சிலில் முதல் வரி: "எல்வின் ஸ்ட்ரோ, வைக்கோல் வண்டி." மூன்றாவது ஆளாக எழுதுகிறவன் முதல் ஆளாக எழுதியிருக்கிறான்.

அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. அதே கையெழுத்து.

"லியோடா ரீகர், பிள்ளைகளை வண்டியில் ஏற்றி இறக்க."

வண்டி நிற்கும் இடம் உனக்குத் தெரியும். மைதானத்தின் நடுவில். ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடிக்கவேண்டும், பின்னால் நிற்கும் தாயின் முகத்தைப் பார்க்கவேண்டும், எட்டுச் சுற்றுக்கும். அங்கேயே அவனுக்குப் போன் செய்தேன், பள்ளி அலுவலகத்துப் போனில்.

"என் பேர எழுதியிருக்க" என்றேன்.

"ஆமா."

"என்னக் கேக்கல."

"ஆமா, கேக்கல" என்றான். "பென்சில்லதான் எழுதியிருக்கேன். அழிக்கணும்னா அழிச்சுக்க."

அலுவலகத்து மேசையில் ரப்பர் இருந்தது. எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தேன். நின்று பார்த்துவிட்டு, அதைக் கொண்டுபோய் எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

விழா சனிக்கிழமை. உன் மூச்சைப் பார்த்துக்கொள்.

லியோடா